கிருமியின் பூர்வீகம்

கெடா மாநிலத்தின் தென்பகுதியில் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் ஆகிய ஊர்களைச் சுற்றிப் பல தலைமுறைகளாகப் பால்மரத் தோட்டங்கள் இருந்துவந்துள்ளன. அத்தோட்டங்களில் வாழ்ந்த முதியவர் ஒருவரிடம், "பால்மரம் எல்லாம் ஒன்றுதானே தாத்தா?" என்று கேட்டால் அவர் சிரித்துவிடுவார். பால்மரம் என்பது பொதுப்பெயர். ஒட்டுக்கட்டி வளர்க்கப்பட்ட ஆர்.ஆர்.ஐ.எம். 600 ஒரு வகை. அதற்குப் பெற்றோராக இருந்த பி.பி. 86 இன்னொரு வகை. ஒன்று பாலை அதிகமாகச் சுரக்கும். மற்றொன்று காற்றையும் நோயையும் வேறு விதமாகத் தாங்கும். வடக்கே மூடா சமவெளியில் நெல் பயிரிடும் விவசாயியும் இதையே சொல்வார். நெல் என்பது ஒரே பெயர். ஆனால், 2001ஆம் ஆண்டில் மார்டி அறிமுகப்படுத்திய எம்.ஆர். 219 வேறு, அதற்கு முன் பயிரிட்ட வகைகள் வேறு.

கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும். ஒரே பெயரைக் கொண்ட கிருமிகளுக்குள் பல வகைகள் உள்ளன. அவற்றைத் திரிபுகள் என்பர். இத்திரிபுகளுள் சில நமக்குத் துணையாக வாழ்கின்றன. சில உயிரையே பறிக்கின்றன. ஆகவே, நோயாளியின் உடலில் இருக்கும் கிருமியின் பெயரை அறிவது மட்டும் போதாது. அது எந்தத் திரிபு, எங்கிருந்து வந்தது என்பதையும் அறிய வேண்டும். சுருங்கச் சொன்னால், அதன் பூர்வீகத்தைக் கண்டறிய வேண்டும்.

விருந்தில் எழுந்த வினா

2013ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கெடாவின் யான் வட்டாரத்தில் நடந்த திருமண விருந்து ஒன்றில் உணவருந்திய பலர் நோயுற்றனர், சிலர் உயிரிழந்தனர். விருந்தில் பரிமாறப்பட்ட கோழிக்கறியில் இருந்த சால்மொனெல்லா என்னும் பாக்டீரியாவே இதற்குக் காரணம் எனத் தெரியவந்தது. மகிழ்ச்சியோடு தொடங்கிய நாள் துயரத்தில் முடிந்தது.

இத்தகைய நிகழ்வுகளின்போது சுகாதார அதிகாரிகளின்முன் ஒரு வினா எழுகிறது. அக்கிருமி எங்கிருந்து வந்தது? கோழிப் பண்ணையிலிருந்து வந்ததா? இறைச்சி வெட்டிய பலகையிலிருந்தா? சமைத்தவரின் கையிலிருந்தா? கழுவிய நீரிலிருந்தா? நான்கு இடங்களிலும் சால்மொனெல்லா இருக்கக்கூடும். ஏனெனில், சால்மொனெல்லாவில் மட்டும் 2500க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. நோயாளியிடம் உள்ள அதே வகை எந்த இடத்தில் இருக்கிறதோ, அவ்விடமே நோயின் ஊற்று எனக் கருத வலுவான காரணம் உண்டு.

தீங்கற்றதும் தீங்கானதும்

ஒவ்வொருவரின் குடலிலும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று ஈ.கோலை. ஜெர்மனியில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் தியோடர் எஷெரிக் 1885ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். நலமான குழந்தைகளின் மலத்திலும் அவர் இதனைக் கண்டார். பெரும்பாலான ஈ.கோலை தீங்கு செய்வதில்லை. குடலில் வைட்டமின் கே உருவாகவும் இது உதவுகிறது.

ஆனால், வெளுத்ததெல்லாம் பால் அல்லவே! 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவில், சரியாக வேகாத இறைச்சி கொண்ட ஹம்பர்கரை உண்ட சிலருக்கு இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. அவர்களிடம் காணப்பட்டதும் ஈ.கோலைதான், எனினும், அது ஓ157 என்னும் கொடிய திரிபு. சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் நச்சை அது சுரந்தது.

இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு எவ்வளவு? அறிவியலார் அவற்றின் மரபணுத் தொகுதிகளை எழுத்து எழுத்தாகப் படித்து விடை கண்டனர். தீங்கற்ற கே-12 திரிபின் டி.என்.ஏ. ஏறக்குறைய 46 இலட்சம் எழுத்துகளைக் கொண்டது. ஓ157 திரிபின் டி.என்.ஏ. ஏறக்குறைய 55 இலட்சம் எழுத்துகளைக் கொண்டது. கே-12இல் இல்லாத 1387 மரபணுக்கள் ஓ157இல் இருப்பதாக 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டியது. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். உள்ளே இருக்கும் ஏடோ வேறு.

வேறுபாடு தோன்றும் விதம்

பாக்டீரியா இரண்டாகப் பிளந்து பெருகுகிறது. ஏற்ற சூழலில் ஈ.கோலை 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அவ்வாறாயின், ஒரே ஒரு பாக்டீரியா 7 மணி நேரத்தில் 20 இலட்சத்தைத் தாண்டிவிடும். ஒவ்வொரு முறை பிளக்கும்போதும் டி.என்.ஏ. முழுவதும் படியெடுக்கப்படுகிறது. அவ்வேளையில் எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடுவதுண்டு.

இதனை விளங்கிக்கொள்ளப் பழைய தோட்ட அலுவலகம் ஒன்றைக் கற்பனை செய்யலாம். கிராணி ஒருவர் தொழிலாளர் பெயர்ப்பட்டியலைக் கையால் படியெடுக்கிறார். 'முனியாண்டி' என்னும் பெயரைத் தவறுதலாக 'முனியண்டி' என்று எழுதிவிடுகிறார். அந்தப் படியைப் பார்த்து எழுதுபவர்களும் அதே பிழையைத் தொடர்கின்றனர். பிறிதொருவர் அதில் இன்னொரு பிழையைச் சேர்க்கிறார். பல ஆண்டுகள் கழித்து எல்லாப் படிகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவருக்கு, எது எதிலிருந்து படியெடுக்கப்பட்டது என்பதைப் பிழைகளே காட்டிக்கொடுக்கும். டி.என்.ஏ.யில் ஏற்படும் எழுத்து மாற்றங்களும் அவ்வாறே பாக்டீரியாவின் கொடிவழியைக் காட்டுகின்றன.

மாற்றத்திற்கு வேறு வழியும் உண்டு. பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று மரபணுக்களைக் கைமாற்றிக்கொள்கின்றன. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களும் மரபணுக்களைச் சுமந்து வந்து சேர்த்துவிடுகின்றன. ஓ157 திரிபின் நச்சு மரபணு அவ்வாறு வைரஸ் வழியாக வந்ததே. இதனால்தான் நேற்றுவரை சாதுவாக இருந்த குடும்பத்தில் இன்று ஒரு கொடியவன் தோன்றிவிடுகிறான்.

மலாயாவில் கிடைத்த பாடம்

திரிபுகளை வேறுபடுத்தி அறிவதன் பயனை உலகிற்கு உணர்த்திய நிகழ்வுகளுள் ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தில், 1920களின் நடுப்பகுதியில் வில்லியம் பிளெட்சர், லெஸ்லர் ஆகிய இருவரும் டைபஸ் காய்ச்சலை ஆராய்ந்தனர். அக்காய்ச்சல் நகரத்துக் கடைகளில் வேலை செய்தவர்களையும் தாக்கியது. தோட்டங்களில் புதர் வெட்டியவர்களையும் தாக்கியது. இரண்டும் ஒரே நோயா என்பது தெரியாமல் இருந்தது.

அக்காலத்தில் நோயாளியின் இரத்தநீரைப் புரோட்டியஸ் என்னும் குடல் பாக்டீரியாவோடு கலந்து சோதிப்பர். பாக்டீரியாக்கள் ஒன்றுதிரண்டால் டைபஸ் எனக் கொள்வர். ஆய்வுக்கூடத்தில் இரண்டு புரோட்டியஸ் மாதிரிகள் இருந்தன. ஒன்று வார்சா நகரிலிருந்து வந்தது. மற்றொன்று கிங்ஸ்பரி என்பவர் கொண்டுவந்தது. இரண்டும் ஒன்றே என்றுதான் முதலில் எண்ணப்பட்டது. ஆனால், நகரத்து நோயாளிகளின் இரத்தநீர் வார்சா மாதிரியை மட்டும் திரளச் செய்தது. தோட்டத்து நோயாளிகளின் இரத்தநீர் கிங்ஸ்பரி மாதிரியை மட்டும் திரளச் செய்தது. ஒரே பெயர்ச்சீட்டின் கீழ் இரண்டு திரிபுகள் இருந்தமை அப்போது வெளிப்பட்டது. அதன் வழியாக, நகரத்துக் காய்ச்சலும் தோட்டத்துப் புதர்க்காய்ச்சலும் வெவ்வேறு நோய்கள் என்பதும் தெளிவாயிற்று. கிங்ஸ்பரியின் முதலெழுத்தைத் தாங்கிய ஓ.எக்ஸ்.கே. என்னும் பெயர் இன்றும் மருத்துவ நூல்களில் உள்ளது.

அடையாளம் காணும் முறைகள்

நோயாளியின் மலம் அல்லது இரத்தத்திலிருந்து பாக்டீரியாவைப் பிரித்து, ஊட்டக்கூழ் நிரம்பிய தட்டில் வளர்ப்பது முதற்படி. இதற்கு ஓரிரு நாள்கள் ஆகும். அடுத்து, அதன் மேற்பரப்பு எந்த இரத்தநீரோடு திரள்கிறது என்று சோதித்து வகைப்படுத்துவர். இம்முறை நெடுங்காலம் பயன்பட்டது. எனினும், இதற்கும் எல்லை உண்டு. 1992ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழகத்தின் சென்னையில் வாந்திபேதி பரவியபோது, நோயாளிகளிடம் கிடைத்த காலராக் கிருமி வழக்கமான இரத்தநீரோடு திரளவில்லை. அது ஓ139 என்னும் புதிய வகை எனப் பின்னர் அறியப்பட்டது. பழைய வகைக்கு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களும் அதனால் நோயுற்றனர். குறுகிய காலத்தில் அது வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள நாடுகளுக்கும், மலேசியாவுக்கும் பரவியது.

1980களில் டி.என்.ஏ.யையே நேரடியாக ஒப்பிடும் முறை வந்தது. பாக்டீரியாவின் டி.என்.ஏ.யை நொதியால் குறிப்பிட்ட இடங்களில் வெட்டி, கூழ்மத்தில் இட்டு, திசை மாறி மாறிப் பாயும் மின்சாரத்தைச் செலுத்துவர். சிறிய துண்டுகள் விரைவாகவும் பெரிய துண்டுகள் மெதுவாகவும் நகரும். முடிவில் கடைப் பொருள்களில் காணும் பட்டைக்குறியைப் போன்ற கோடுகள் தோன்றும். இரு நோயாளிகளின் பட்டைக்குறிகள் ஒத்திருந்தால் இருவருக்கும் ஒரே ஊற்றிலிருந்து நோய் வந்திருக்கலாம் எனக் கொள்வர்.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் தோங் குவாய் லின் முதலான ஆய்வாளர்கள் 1990களில் இம்முறையைக் கொண்டு மலேசியாவின் குடற்காய்ச்சல் கிருமிகளை ஆராய்ந்தனர். ஆங்காங்கே தனித்தனியாக நோயுற்றவர்களிடம் பல வேறுபட்ட திரிபுகள் காணப்பட்டன. ஒரே சமயத்தில் கூட்டமாக நோயுற்றவர்களிடமோ ஒன்றையொன்று நெருங்கிய திரிபுகள் இருந்தன. எனவே, பட்டைக்குறிகள் திடீரென ஒத்துப்போகத் தொடங்கினால், ஏதோ ஓர் ஊற்று நோயைப் பரப்புகிறது என்று அறியலாம்.

இன்று பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி முழுவதையும் படிக்கும் கருவிகள் உள்ளன. 46 இலட்சம் எழுத்துகளில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அவை காட்டிவிடும்.

நலமானவரிடம் ஒளிந்த கிருமி

2005ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை கிளந்தானில் குடற்காய்ச்சல் பரவியது. 735 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். பின்னர் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இந்தியாவின் ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இணைந்து, அப்போது சேகரித்த கிருமிகளின் மரபணுத் தொகுதிகளைப் படித்து 2012இல் வெளியிட்டனர். அவற்றுள் ஒன்று நோயாளியிடமிருந்து பெறப்பட்டதன்று. நோயின் அறிகுறியே இல்லாத ஒருவரிடமிருந்து பெறப்பட்டது.

இத்தகையோரை நோய்க்காவிகள் என்பர். குடற்காய்ச்சல் கிருமி மனிதரிடம் மட்டுமே வாழ்வது. நோயிலிருந்து மீண்ட சிலரின் பித்தப்பையில் அது பல ஆண்டுகள் தங்கியிருக்கும். அவர்களுக்கு எந்தத் தொல்லையும் இராது. ஆயினும், அவர்கள் கைகழுவாமல் சமைக்கும் உணவின் வழி பிறருக்கு நோய் பரவும். அவர்களைக் குற்றவாளிகளாகக் கருதுவது தவறு. தம்மிடம் கிருமி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. திரிபை ஒப்பிட்டுக் கண்டறிந்தால் அவர்களுக்கும் சிகிச்சை கிடைக்கும், மற்றவர்களும் காப்பாற்றப்படுவர். மலேசியாவில் உணவு கையாள்வோர் யாவரும் பயிற்சியும் குடற்காய்ச்சல் தடுப்பூசியும் பெற வேண்டும் என விதிகள் வகுக்கப்பட்டிருப்பது இதனால்தான்.

பெயரை மட்டும் நம்பியதால் வந்த இழப்பு

திரிபை உறுதிப்படுத்தாமல் முடிவுக்கு வந்தால் என்ன நேரும் என்பதற்கு 2011ஆம் ஆண்டு ஜெர்மனியில் நடந்தது சான்று. அவ்வாண்டு மே மாதத்தில் ஈ.கோலையால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காய்களில் ஈ.கோலை இருப்பதாக ஹம்பர்க் நகர அதிகாரிகள் அறிவித்தனர். மக்கள் வெள்ளரிக்காய் வாங்குவதை நிறுத்தினர். ஸ்பெயின் நாட்டு விவசாயிகள் விளைந்த காய்களைக் குப்பையில் கொட்ட நேர்ந்தது.

மேலும் ஆராய்ந்தபோது, வெள்ளரிக்காயில் இருந்த ஈ.கோலை வேறு, நோயாளிகளிடம் இருந்த ஈ.கோலை வேறு என்பது தெரிந்தது. நோயாளிகளிடம் இருந்தது ஓ104 என்னும் திரிபு. அதன் மரபணுத் தொகுதியைச் சீனாவின் ஷென்சென் நகரிலுள்ள ஆய்வகம் சில நாள்களிலேயே படித்து உலகிற்கு வெளியிட்டது. குடற்சுவரில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும் ஒரு திரிபு, நச்சு மரபணுவையும் பெற்றிருந்தது அதில் வெளிப்பட்டது. நோயுற்றவர்கள் எங்கே எதை உண்டனர் என்று தேடிச் சென்றபோது, முளைகட்டிய வெந்தயமே காரணம் எனப் புலனாயிற்று. அவ்வெந்தயம் எகிப்திலிருந்து இறக்குமதியானது. அந்நோயால் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒரு பாவமும் அறியாத விவசாயிகள் பழி சுமந்தனர். உண்மையான ஊற்றோ சில நாள்கள் கவனிப்பாரின்றி இருந்தது.

மருந்து தோற்கும் திரிபுகள்

நோயின் ஊற்றை அறிவதற்கு மட்டுமன்றி, சரியான மருந்தைத் தேர்வதற்கும் திரிபை அறிய வேண்டும். 1948ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் ஜோசப் ஸ்மேடல், தியோடர் வுட்வர்ட் முதலியோர் கோலாலம்பூருக்கு வந்தனர். குளோரம்பெனிகால் என்னும் புதிய மருந்து புதர்க்காய்ச்சலைக் குணப்படுத்துமா என்று சோதிப்பதே அவர்களின் நோக்கம். புதர்க்காய்ச்சல் என எண்ணி அம்மருந்து கொடுக்கப்பட்ட ஒரு நோயாளிக்கு உண்மையில் இருந்தது குடற்காய்ச்சல். வியக்கும் வகையில் அவர் தேறினார். குடற்காய்ச்சலுக்கு முதன்முதலாகப் பயன்தரும் மருந்து இவ்வாறு மலாயா மண்ணில் கண்டறியப்பட்டது.

ஆனால், கிருமிகள் வாளாவிருக்கவில்லை. 1972ஆம் ஆண்டில் மெக்சிக்கோவிலும் கேரளத்தின் கோழிக்கோட்டிலும் அம்மருந்துக்கு அடங்காத குடற்காய்ச்சல் திரிபுகள் பரவின. அன்று முதல், எந்த மருந்துக்கு எந்தத் திரிபு கட்டுப்படும் என்பதை ஆய்வுக்கூடத்தில் சோதித்து அறிவது இன்றியமையாததாகிவிட்டது. தேவையின்றி நோய்நுண்ம எதிர்ப்பு மருந்துகளை உண்பதும், பாதியில் நிறுத்துவதும் இத்தகைய திரிபுகள் வலுப்பெற வழிவகுக்கும்.

ஊரும் ஆய்வுக்கூடமும்

பழைய தோட்டப்புறங்களில் கிணற்று நீரையும் ஆற்று நீரையுமே பலர் நம்பியிருந்தனர். லயத்து வீடுகளில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வரிசை முழுவதும் அஞ்சியது. தோட்ட மருத்துவமனையில் இருந்த டிரெசர் நோயின் அறிகுறியைக் கண்டு மருந்து கொடுப்பார். கிருமியின் வகையை அறியும் வசதி அவரிடம் இல்லை. இன்று குழாய்நீரும் கழிப்பறையும் நிலைமையைப் பெரிதும் மாற்றிவிட்டன. சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் மருத்துவமனைகளில் நோயாளியின் மாதிரியைச் சோதிக்க இயலும். சுங்கை பூலோவில் தேசியப் பொதுச் சுகாதார ஆய்வுக்கூடம் உள்ளது.

ஆய்வுக்கூடங்களுக்குத் தொலைவில் உள்ள இடங்களுக்கும் இவ்வசதி சென்று சேர வேண்டும். மரபணுச் சோதனைக்குரிய வேதிப்பொருள்களைக் குளிரூட்டியே வைத்திருக்க வேண்டியது பெரிய தடையாக இருந்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அப்பொருள்களை உலர்ந்த தூளாக்கி, காலராக் கிருமி நச்சுடையதா நச்சற்றதா என்று பிரித்தறியும் சோதனையை உருவாக்கி 2011இல் வெளியிட்டனர். அக்குழுவில் இடம்பெற்ற பேராசிரியர் எம். இரவிச்சந்திரன், பின்னர் கெடாவின் பீடோங்கில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். ஒரு காலத்தில் தோட்டங்களால் மட்டுமே அறியப்பட்ட பீடோங் வட்டாரம், இன்று மருத்துவமும் அறிவியலும் கற்பிக்கும் இடமாகவும் விளங்குகிறது.

எனினும், எவ்வளவு சிறந்த கருவியும் மாதிரி கிடைக்காவிடில் பயன்தராது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்ட ஒருவர், மலமாதிரி கொடுக்க வெட்கப்பட்டு வீட்டிலேயே மருந்து வாங்கி உண்டால், அவரிடம் இருந்த கிருமியின் பூர்வீகம் தெரியாமலே போய்விடும். அதே ஊற்றிலிருந்து நாளை அடுத்த வீட்டுக் குழந்தையும் நோயுறலாம். காலராவும் நச்சுணவும் கண்டறியப்பட்டால் 24 மணி நேரத்திற்குள் சுகாதார அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என மலேசியச் சட்டம் கூறுவதன் நோக்கமும் அதுவே. மீதமான விருந்துணவை உடனே கொட்டிவிடாமல் அதிகாரிகளின் சோதனைக்கு வைத்திருப்பதும் பேருதவியாகும்.

உணவை நன்கு வேகவைத்துச் சூடாக உண்பது, பச்சை இறைச்சிக்குத் தனிப்பலகை பயன்படுத்துவது, சோப்பால் கைகழுவுவது ஆகியவை எல்லாத் திரிபுகளையும் தடுக்கும் எளிய வழிகள். அவற்றையும் மீறி நோய் வந்தால் அதன் ஊற்றைத் தேட வேண்டும். பால்மரத்தின் இலையைப் பார்த்தே வகையைச் சொன்ன தோட்டத்து முதியவர்களின் கூரிய பார்வை, இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஆய்வுக்கூடத்தில் தேவைப்படுகிறது. கிருமியின் பூர்வீகத்தைக் கண்டறிந்தால், அடுத்த விருந்தில் அமரப்போகிறவர்களின் உயிரைக் காக்கலாம்.